உடைக்காமல் மாற்றிய குளியலறை

என் வீட்டுக்காரர் குளிக்கப் போனால், நான் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் குளித்து முடித்து வெளியே நிற்பார். இவர் உண்மையிலேயே குளிக்கிறாரா, தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வருகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சோப்பு போட்டீயளா?"

கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். போட்டுத்தான் இருந்தார்.

வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, இனிப் போதும் என்று விசாவை முடித்துக்கொண்டு அவர் மேலப்பாளையம் வந்து சேர்ந்த புதிது அது. கல்யாணமான மறு வருஷம் போனவர். இடையில் லீவுக்கு வருவார், பெட்டியைப் பிரிப்பார், பிறகு பெட்டியைக் கட்டுவார். எங்கள் வீட்டைக் கட்டியது அவர் காசு. கொத்தனாரோடு மல்லுக்கு நின்று முடித்தது நான். அதனால் இந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று அவருக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஃபேன் வேண்டுமென்றால் முதலில் வாசல் விளக்கைப் போடுவார்.

வேகமாகக் குளிப்பதைக்கூட விட்டுவிடலாம். சோப்பு டப்பா, பிரஷ், பேஸ்ட், சீப்பு எல்லாவற்றையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடையில் வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது கூடையோடு போவார், குளித்துவிட்டுக் கூடையோடு வருவார், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். சொந்த வீட்டில் மனுஷன் லாட்ஜில் தங்க வந்தவர் மாதிரி இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அந்த எரிச்சலுக்கு அடியில் பயமும் இருந்தது. அவருடைய பழைய கம்பெனியில் போர்மேனாக இருக்கும் கடையநல்லூர்த் தம்பி ஒருவர் வாராவாரம் போன் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, இன்னும் ரெண்டு வருஷம் வந்துவிட்டுப் போகட்டும் என்பார். இவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "பாப்போம் பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே போனை வைப்பார். அந்தப் 'பாப்போம்' காதில் விழுந்தபோதெல்லாம், அவர் பெட்டி பரண் மேலேயே இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துக்கொண்டேன். போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லவும் எனக்கு ரோஷம். இத்தனை வருஷம் நான் இல்லாமல் இருந்தாயே, இப்போது என்ன என்று கேட்டுவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயாவது ஆற அமரக் குளிப்பார் என்று நம்பி, மீன் குழம்பும் சோறும் கட்டி எடுத்துப் போயிருந்தேன். அருவிக்குள் போனவர், நான் பாயை விரித்து உட்காருவதற்குள் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"என்ன, அதுக்குள்ள?"

"பின்னால ஆள் நிக்கு."

அருவிக்கு வரிசை பார்த்து ஒதுங்கி வந்த ஒரே மனிதர் அன்றைக்கு அவராகத்தான் இருப்பார். அந்த இடத்தில்தான் நான் முடிவு செய்தேன். வீட்டுக் குளியலறையை ஒரு வழி பண்ணிவிட வேண்டும். போனவர் வெளியே வர மனசில்லாமல் உள்ளேயே கிடக்கிற மாதிரி ஆக்கிவிட வேண்டும். குளியலறையில் கால் பாவினால் வீட்டிலும் பாவிவிடும் என்று ஒரு கணக்கு.

எங்கள் குளியலறை, கட்டின காலத்தில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போன குளியலறை. இடுப்பு உயரத்துக்கு மெரூன் கலர் டைல்ஸ், நடுநடுவே ரோஜாக் கொத்துப் போட்ட ஒரு வரிசை. மெரூன் அன்றைக்குப் பணக்காரக் கலர். தேர்ந்தெடுத்தது நான்தான், பழியை வேறு யார் மேலும் போட முடியாது. கீழே மொசைக் தரை. மூலையில் சிமெண்டுத் தொட்டி. இப்போதோ, போர்த் தண்ணீரின் உப்பு படிந்து ரோஜாக்கள் எல்லாம் நரைத்துவிட்டன. கதவின் அடிப்பாகம் ஊறிப்போய்ப் பிய்ந்து தொங்கியது. பல்பு வெளிச்சத்தில் உள்ளே நிற்பவர் முகம் காமாலைக்காரர் முகமாகத் தெரியும்.

சென்னையில் இருக்கும் எங்கள் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "உம்மா, மொத்தமா உடைச்சிட்டுப் புதுசாப் போட்டுருங்க" என்றாள். உடைக்கிற பேச்சையே எடுக்காதே என்றேன். எதிர் வீட்டில் அப்படித்தான் ஒரு சுவரைத் தட்டப் போய், உள்ளே இருந்த பழைய பைப் உடைந்து, ஈரம் அடுப்படி வரைக்கும் ஏறி, நோன்பு மாதம் முழுக்க அந்த வீட்டு ஆட்கள் வாளியும் துண்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்துதான் குளித்தார்கள். எங்கள் வீட்டில் கொத்தனார் புகுந்து நாள்கணக்கில் இழுத்தடித்தால், அந்தச் சாக்கில் இவர் விமானம் ஏறிவிடுவார். இருப்பதை வைத்தே பண்ணுவோம் என்று தீர்மானம் ஆயிற்று.

வேலை என்றதும் இவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. ஸ்டோர் கீப்பர் புத்தி எங்கே போகும்? ஜங்ஷன் பக்கம் போய் வாங்கி வந்த பிரஷ், உப்புத்தாள், வெள்ளை சிமெண்ட், குழாய்கள் எல்லாவற்றையும் வராண்டாவில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு பிரஷ் வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"நேத்து கொடுத்த சுரண்டி எங்க?"

"விழுங்கிட்டேன்."

ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் முடியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மொசைக்கை அரித்துவிடும் என்று நான் விடவில்லை. ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலை ஒரு பை நிறைய வாங்கி வந்து, உப்புத் தொட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைத் தேய்த்தோம். நரைத்த ரோஜாக்கள் மெல்ல மெல்லச் சிவந்தன. டைல்ஸ் இடுக்கில் இருந்த கறுப்பைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து வெள்ளை சிமெண்ட் பூசியதும், அந்த மெரூனே ஏதோ இப்போதைய நாகரிகம் போல எடுப்பாக நின்றது. டைல்ஸுக்கு மேலே இருந்த பச்சைச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். கதவின் அழுகிய அடியை அறுத்துத் தள்ளிவிட்டு அலுமினியத் தகடு அடித்தாயிற்று. பெரிய வட்டக் கண்ணாடி ஒன்று, நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கு.

குழாய் மாற்ற வந்த பிளம்பர் சிமெண்டுத் தொட்டியைப் பார்த்ததும் சுத்தியலைத் தேடினார். "இத இடிச்சிருவமா பாய்? இடம் கிடைக்கும்லா."

"இடிக்கதுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்றேன். தொட்டிக்குள் மணலைக் கொட்டி நிரப்பி, மேலே ஒரு கடப்பாக் கல்லைப் பதிக்கச் சொன்னேன். உட்கார்ந்து குளிக்க ஜம்மென்று ஒரு திண்டு கிடைத்தது. இவர் உட்காருவார் என்ற ஆசையில் செய்தது.

கடைசியாக ஹீட்டர். அது வேண்டும் என்று கேட்டது இவர்தான். பிளம்பருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாய், நம்ம ஊர் வெயிலுக்கு மாடி டேங்க்ல தண்ணி தானாக் கொதிக்கு. இதுல ஹீட்டர் வேறயா?"

"அதுக்குத்தாம்வே கேக்கேன். நீரு மாட்டும்" என்றார் இவர்.

எங்கள் இரண்டு பேருக்குமே அது விளங்கவில்லை. அங்கேயெல்லாம் சொகுசாக வெந்நீரில் குளித்துப் பழகியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நீலப் புள்ளி வைத்த குழாய் ஒன்றும் சிவப்புப் புள்ளி வைத்த குழாய் ஒன்றும் மாட்டியாயிற்று.

எல்லாம் முடிந்த அன்று சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. இவர் மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். வந்ததும் புதுக் குளியலறையில் முதல் குளியல். ஆசையாகக் கேட்டு வாங்கிய ஹீட்டராயிற்றே, வரும்போது தண்ணீர் தயாராக இருக்கட்டும் என்று நான் யாருக்கும் சொல்லாமல் சுவிட்சைப் போட்டு வைத்தேன். வந்தார், சட்டையைக் கழற்றினார், கூடையோடு உள்ளே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு கப் மொண்டு ஊற்றுகிற சத்தம்.

"யா அல்லாஹ்!"

நான் போட்டது போட்டபடி ஓடினேன். கதவைத் திறந்துகொண்டு நின்றார். இடது தோள் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. அடுப்படி மண்பானையில் இருந்த குடிதண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, அவரைக் கல்லில் உட்கார வைத்துத் தோளில் பைய ஊற்றினேன்.

"வெந்நீர்க் குழாய எதுக்குத் திறந்தீய? சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியலையா?"

"பச்சைத் தண்ணிக்குத்தான் திறந்தேன்."

"சிவப்புலயா?"

அவர் என்னைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நீ சுவிட்சப் போட்டியா?"

அப்புறம்தான் சொன்னார். அங்கே கோடையில் மாடி டேங்க் தண்ணீர் நெருப்பாக வரும். சாதாரணக் குழாயில் கை வைக்க முடியாது. அதனால் கோடை தொடங்கியதும் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஹீட்டர் வீட்டுக்குள் நிழலில் இருப்பதால் அதற்குள் கிடக்கும் தண்ணீர் ஆறிப்போய் இருக்கும். சிவப்புக் குழாயில்தான் பச்சைத் தண்ணீர். அங்கே எல்லாருக்கும் அதுதான் வழக்கம். அதுவும் முதலில் குளிக்கிற இரண்டு பேருக்குத்தான் கிடைக்கும். பின்னால் வருகிறவனுக்கு வெந்ததுதான்.

"அப்ப எல்லாரும் முதல்லயே போகப் பாப்பாவளே?"

"பாப்பாங்க. ஒரு ரூமுக்கு ஒம்பது பேரு. சோப்பப் போட்டு முடிக்கதுக்குள்ள கதவத் தட்டிருவானுவ. எவன் தட்டுதான்னு தட்டுலயே தெரியும் எனக்கு." விரலால் கல்லைத் தட்டிக் காட்டினார். இப்படித் தட்டினால் கேரளாக்காரன், இப்படித் தட்டினால் நம்ம கடையநல்லூரான். சிரித்துக்கொண்டேதான் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்பார். நானும் ஏ.சி., பேரீச்சம்பழம், கார் என்று ஒரு படம் வைத்திருந்தேன். வீட்டில் மெரூனா, நீலமா என்று நான் டைல்ஸ் கடையில் நின்ற நாளில் இவர் அங்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

"சொன்னா நீ தூங்குவியா?"

"இங்க உங்கள எவனும் தட்ட மாட்டான். விடிய விடியக் குளிங்க. கேட்டுக்கோங்க, எவனும் தட்ட மாட்டான்" என்று, ஏதோ அவர்தான் குற்றவாளி என்பது போலக் கத்தினேன்.

கத்தியதால் ஒன்றும் மாறிவிடவில்லை. பழக்கம் உடம்பில் ஊறிக் கிடந்தது. வெளியே என் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளே அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். நான் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். இவர் துண்டை எடுத்ததும் எதிர் வீட்டுக்குப் போய் வேண்டுமென்றே கதை பேசிக்கொண்டிருந்தேன். இவர் குளிக்கப் போனதும் தினமும் நான் எதற்காக வீட்டை விட்டு வந்துவிடுகிறேன் என்று அவர்களுக்கு ஒரே குழப்பம். ஹீட்டர் சுவிட்சின் மேல் மார்கழி வரை யாரும் தொடக் கூடாது என்று டேப்பை ஒட்டினேன்.

பைய பையத்தான் மாறினார். ஒருநாள் தண்ணீர்ச் சத்தம் நின்று, வெகு நேரம் எதுவுமே கேட்கவில்லை. பதறிப்போய்க் கதவில் காதை வைத்தேன். வாய்க்குள் என்னவோ முனகிக்கொண்டு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்கி முடிக்க, நான் ஆப்பம் சுட்டு, அது ஆறி, திரும்பவும் சூடாக்கும்படி ஆயிற்று. ஆப்பம் ஆறிப்போனதற்காக எந்தப் பெண்ணும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

ஆனால் 'பாப்போம்' மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இவர் குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. போர்மேன் தம்பி.

"மைனி, அண்ணன் இருக்காவளா? விசா வந்துட்டு. இன்னைக்குப் பதில் சொன்னாத்தான் உண்டு, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாவ. கொஞ்சம் குடுங்களேன்."

போனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு எதிரே போய் நின்றேன். தட்டக் கையை ஓங்கினேன், தட்ட முடியவில்லை. இந்தக் கதவையுமா நான் தட்ட வேண்டும்? ஆனால் பதில் அவருடையது. நானாக எதையும் சொல்லிப் போனை வைக்க எனக்கு உரிமையில்லை. வெளியே இருந்தே கூப்பிட்டேன்.

"ஏங்க, கடையநல்லூர்த் தம்பி. விசா வந்துட்டாம். இப்பவே பதில் வேணுமாம்."

உள்ளே தண்ணீர் நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் இவர் துண்டைத் தேடுவார். பிறகு ஒரு கப் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இன்னொரு கப்.

"குளிக்கேன்னு சொல்லு."

"எப்ப வருவீயன்னு கேக்குதாவ."

"நேரம் ஆகும்னு சொல்லு. வேற ஆளப் போடச் சொல்லு."

போனில் தம்பிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "என்ன மைனி இது, இந்த மனுசன் அஞ்சு நிமிசத்துக்கு மேல குளிச்சு நான் பாத்ததே இல்லையே! எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியல தம்பி" என்றேன். "அவுக வீட்டுல அவுக குளிக்காவ."