ஹார்ட் டிஸ்க் உட்காரும் தகரம்

ஹார்ட் டிஸ்க் என்பது மடிக்கணினிக்குள் தானாகப் போய் உட்காரும் ஜாதி அல்ல. அதற்கு அடியில் ஒரு தகர பிராக்கெட் வேண்டும். அதன் நாலு மூலையிலும் கடுகளவுத் திருகுகள் வேண்டும். இந்த ஞானம் எனக்கு ஒரு மே மாதச் சனிக்கிழமை காலையில், மும்பை செம்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் பழைய மடிக்கணினியைக் குப்புறப் போட்டுப் பிரித்த பிறகுதான் வந்தது. பிரிக்கும்வரை நான் எல்லாம் தெரிந்தவனாகத்தான் இருந்தேன்.

பிரித்ததற்குக் காரணம் என் மனைவி. கல்யாணத்துக்கு முன் மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், இத்தனை வருஷம் கழித்து, இணையத்தில் டியூஷன் நடத்தும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை சோதனை வகுப்பு. நிஜமான பிள்ளைகள் சிலர் இருப்பார்கள், கம்பெனி ஆட்கள் ஓரமாக இருந்து பார்ப்பார்கள். வகுப்பு நடுவில் அறுந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தார்கள். அவ்வளவு அன்பான கம்பெனி. போனில் நடத்தக் கூடாது, கணினிதான் வேண்டும். என் ஆபீஸ் மடிக்கணினியிலோ ஆபீசைக் கேட்காமல் ஒரு பூனைப் படம்கூட இறக்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கலாமே என்றேன். வேலை கிடைக்கட்டும், அப்புறம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

எனவே, ஷெல்பில் செத்துக் கிடந்த பழைய மடிக்கணினிக்குப் புது டிஸ்க் போட்டு உயிர் கொடுப்பதாக நான் வீரம் பேசினேன். டிஸ்க் வாங்கியாயிற்று. உட்காரும் தகரத்தைக் காணோம். முன்பு ஒரு ரிப்பேர்க்காரர் கெட்டுப்போன டிஸ்க்கைப் பிராக்கெட்டோடு கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்திருந்தார். பை இருந்தது, கெட்ட டிஸ்க் இருந்தது, பிராக்கெட்டும் திருகுகளும் மட்டும் இல்லை.

முதலில் என் மூளையை உபயோகித்தேன். புது டிஸ்க்கைப் பள்ளத்தில் வைத்து, சுற்றிலும் விசிட்டிங் கார்டை மடித்துச் செருகி, மூடி முடுக்கினேன். கணினி ஓடியது. மனைவியைக் கூப்பிட்டு வகுப்பு எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவளுக்குத் தட்டச்சு என்பது தட்டுவது அல்ல, உரலில் இடிப்பது. முதல் பின்னக் கணக்கு முடிவதற்குள் திரை நீலமாகிச் செத்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டேன். சூட்டில் டேப் இளகி டிஸ்க் வழுக்கியது. தெர்மோகோல் வைத்தேன். காற்றோட்டம் அடைபட்டு மடிக்கணினி பிரஷர் குக்கர் மாதிரி மூச்சு விட்டது. மனைவி ஒரு விசிறியைக் கொண்டுவந்து அதற்கு விசிறிவிட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறி லேமிங்டன் ரோடு போனேன். மும்பையில் மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளுக்கும் அங்கே உதிரி கிடைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கடை கடையாக மாடல் எண்ணைச் சொன்னேன். எல்லாரும் ஒரே இந்தியில், ஒரே துக்க முகத்தோடு, அந்த மாடல் 'பந்த்' ஆகிவிட்டது, தயாரிப்பே நின்றுவிட்டது என்றார்கள். இறந்தவருக்கு வேட்டி எடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், உடைத்த மடிக்கணினிகளின் பாகங்கள் தாராவியில் கிடைக்கும், அங்கே போய்ப் பாருங்கள் என்றார்.

தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் ஒருவரின் கடை. தரை முழுக்கப் பிரித்துப்போட்ட மடிக்கணினிகள். தமிழ்க் குரல் கேட்டதும் ஸ்டூல் வந்தது, டீ வந்தது, ஒரு கோணிப்பை நிறைய பிராக்கெட்டும் வந்தது. குடலைத் துழாவுகிற மாதிரித் துழாவினேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றில் ஓட்டை இடம் மாறி இருந்தது. அவர் எதையும் நிராகரிக்கிற ஆள் இல்லை.

"எல்லாம் ஒண்ணுதாண்ணே. லேசா அமுக்கிப் போட்டியள்னா உள்ள போயிரும்லா" என்றார்.

அமுக்கினோம். அவர் சுத்தியல் எடுத்தபோது நான் கணினியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் அவர், பிராக்கெட்டே வேண்டாம், டீச்சரம்மாவை மெதுவாகத் தட்டச் சொன்னால் போதும் என்று ஒரு வழி சொன்னார். நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன். அவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது, சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், பிராக்கெட் இருந்த காலத்தில் அந்த மடிக்கணினியின் அடிப்பாகத்தை எப்போதாவது படம் எடுத்திருப்பேனா என்று போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். போன நவராத்திரிக் கொலுப் படங்கள் வந்தன. என் மாமியார் மாட்டுங்கா வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்தபோது கூடவே வந்த கொலு அது. படிகளுக்குக் கீழே பார்க் போடுவது அவர் தனி இலாகா. பச்சை ரம்பத்தூள் புல்வெளி, பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரர்கள், மணல் கொட்டிய தண்டவாளம், தண்டவாளத்தின் மேலே பளபளவென்று ஒரு நடைபாலம். பாலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு மூலையிலும் நாலு ஓட்டை. மும்பை முழுக்க நான் தேடிய தகரம், பாலமாகி, மேலே இரண்டு செட்டியார் பொம்மைகளைச் சுமந்துகொண்டு நின்றது.

வீட்டுக்கு ஓடி வந்து, மாமியாரிடம் படத்தையும் கொலுப் பெட்டி இருக்கும் பரணையும் காட்டினேன். பாலம் கொலுப் பெட்டியில்தான் இருக்கிறது என்று மாமியார் பெருமையாகவே ஒப்புக்கொண்டார். திருகுகளைக்கூடப் பாலத்திலேயே டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறாராம். ஆனால் பெட்டியைத் திறக்க முடியாது. நவராத்திரி முடிந்த இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, தூங்கச் சொல்லி, மறுநாள் எல்லாவற்றையும் துணி சுற்றி உள்ளே வைத்தால், அடுத்த வருஷம்தான் எழுப்ப வேண்டும்.

"நடுவுல எழுப்பப்படாது, மாப்பிள்ளை. வீட்டுக்கு ஆகாது."

பிராக்கெட் பொம்மை இல்லையே என்று வாதாடினேன். கொலுவில் உட்கார்ந்துவிட்டால் அதுவும் பொம்மைதான் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது சாஸ்திரம் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. பெண் வேலைக்குப் போய் என்ன ஆக வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் அவர். கல்யாணம் நிச்சயமானவுடன் பள்ளி வேலையை விடச் சொன்னதும் அவர்தான். இப்போது சாமியும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

அவர் தூங்கியதும் பரணில் ஏறிவிடுகிறேன் என்று சமையலறையில் மனைவியிடம் கிசுகிசுத்தேன். வேண்டாம் என்றாள். அம்மா மனசு கோணினால் தனக்கு வாயில் பாடம் வராது, போனால் போகட்டும் விடு என்றாள். சொல்லிவிட்டு, எழுதிவைத்திருந்த பாடக் குறிப்புகளை அடுக்கி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். என் கிசுகிசு எப்போதுமே கொஞ்சம் உரக்க இருக்கும். மாமியார் ஹாலில்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, விளக்கேற்றிவிட்டு வந்தவர், பெட்டியை இறக்குங்கோ என்றார். இறக்கினேன். மூடியை ஒரு சாண் மட்டும் தூக்கச் சொன்னார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டார். பார்க்காமல் எடுத்தால் எழுப்பினதாகாது என்று அவரே ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்திருந்தார். துணி மூட்டைகளுக்கு இடையே கை ஊர்ந்தது. இது கிருஷ்ணன், இது மரப்பாச்சி, இது போலீஸ்காரன் என்று தடவித் தடவிச் சொன்னார். ஒவ்வொன்றிடமும் தூங்கு தூங்கு என்றார். தோள்வரை கை உள்ளே போய், கன்னம் மூடியில் அழுந்தி, கடைசியில் பாலம் வெளியே வந்தது. அதில் இன்னும் கொஞ்சம் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டிஸ்க்கை அதில் வைத்து முடுக்கினேன். உள்ளே போய் டக்கென்று உட்கார்ந்தது. மனைவி விசைப்பலகையைக் குத்து குத்தென்று குத்தினாள். கணினி அசையவில்லை. அவள் அலமாரியைத் திறந்து குறிப்புகளை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தாள். விசில் சத்தம் கேட்கக் கூடாது என்று மாமியார் குக்கரை அணைத்துவிட்டு, கதவோரம் வந்து நின்றார். எங்கே அறுந்துவிடுமோ என்று நானும் நின்றேன். உள்ளே ஒரு பையன் பதிலைத் தப்பாகச் சொன்னான். இவள் அவனைத் திட்டவில்லை, சரி, உன் வழியிலேயே போய்ப் பார்ப்போம் வா என்று இந்தியில் சொல்லி, ஒவ்வொரு படியாக அவனோடு போனாள். பாதி வழியில் அவனே நிறுத்தி, மிஸ், இது தப்பு மிஸ் என்று கத்தினான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். வீட்டில் நான் கேட்டிராத, கனமான, தைரியமான குரல்.

வகுப்பு முடியும்வரை மாமியார் கதவிலிருந்து காதை எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாட்டுங்கால அந்த ஸ்கூல் எங்காத்துக்கு அடுத்த தெருதான், மாப்பிள்ளை. ஒருநாள்கூட நான் போய் நின்னு கேட்டதில்லை. கேக்காமலே நிறுத்திட்டேன்."