நாடி பார்க்க ஓடிய நாள்

தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் அடங்கிப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது எங்களுக்கு உடற்றொழிலியல் தொடங்கியது. பெயர்தான் பல்லை உடைக்கும். விஷயம் என்னவோ நம் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதுதான். கண்டியில் அப்போது மழைக்காலம். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போகும். சுவரில் சிவப்பும் நீலமுமாக இரத்தக் குழாய்களின் படம். இதயத்தை விட்டுப் புறப்படும் இரத்தம் கால் பெருவிரல்வரை போய்த் திரும்பி வரும் என்று ரீச்சர் சொன்னதும், நானும் அதனோடு கிளம்பிவிட்டேன். முழங்காலில் ஒரு வளைவு, கணுக்காலில் ஒரு வளைவு, மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகும் வத்தேகம பஸ் மாதிரி. ரீச்சர் கேள்வி கேட்டபோது நான் பாதத்தில் இருந்தேன். வகுப்பே சிரித்தது.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, இதயத்துக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை என்பது. நாம் தூங்கினாலும் கனவு கண்டாலும் அது தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலோ அந்த நாட்களில் தொட்டதற்கெல்லாம் உத்தரவுதான். பஸ்ஸில் தமிழில் சத்தம் போடாதே. பொட்டை அழித்துவிட்டுப் போ. முக்கியமாக, ரோட்டில் ஓடாதே. யாராவது ஓடினால் எங்கேயோ அடிதடி தொடங்கிவிட்டது என்றுதான் ஊரில் அர்த்தம். மழை கொட்டினாலும் எங்கள் தெருப் பிள்ளைகள் நனைந்துகொண்டு நடந்தே போவோம்.

கலவரத்தில் முந்தைய வீடு எரிந்ததிலிருந்து அம்மாவுக்குக் கண்டியே ஆகவில்லை. குடிபோன புது வீட்டு வாசலை அவள் தாண்டியதில்லை. திருச்சியில் இருந்த மாமா வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். புடவைக் கடையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் போக மனமில்லை. "கொஞ்சம் பொறு, எல்லாம் அடங்கிரும்" என்பார். எனக்கோ போகவே பிடிக்கவில்லை. மலை, மழை, இந்தப் பாடம், அக்குறணையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காரும் முஸ்லிம் தோழி, இதையெல்லாம் விட்டுவிட்டு நான் எங்கே போவது? அம்மா மனம் மாற வேண்டும் என்று தினமும் சாமியிடம் கெஞ்சினேன்.

ஒருநாள் மழை விட்டிருந்தது. "நாடியைப் புத்தகத்திலை பாக்கேலாது பிள்ளையள்" என்றார் ரீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர், இளம் வயது, துறுதுறுவென்றிருப்பார். "முதல் சும்மா இருந்தபடி எண்ணுவம். பிறகு ஓடிட்டு வந்து எண்ணுவம்."

தோழியின் மணிக்கட்டில் விரல் வைத்தேன். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. "என்னடி, அடிக்குதா? இல்லாட்டி நான் மௌத்தாப் போயிட்டேனா?" என்றாள் அவள். பிறகு கிடைத்தது. தோலுக்கு அடியில் ஏதோ சின்ன உயிர் முட்டி முட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்குக் கையை எடுக்கவே மனம் வரவில்லை.

பள்ளி முற்றம் ஒரே சேறு. "ரோட்டு வளைவு வரைக்கும் ஓடிட்டு வாங்கோ" என்றார் ரீச்சர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ரோட்டுலயா ரீச்சர்?"

"ஓம். ஏன், ரோட்டுக்கு நோகுமோ?"

அவருக்கு இந்த ஊர்ப் பழக்கம் தெரியாது. ரீச்சரே சொன்ன பிறகு எங்களுக்கென்ன!

ஐயோ, அந்த ஓட்டம்! எத்தனை நாளாயிற்று ஓடி! சரிவு காலை இழுத்துக்கொண்டு போனது. பின்னல் முதுகில் அடித்தது. ஈரக்காற்று வாய்க்குள் புகுந்து நெஞ்சுவரை குளிர்ந்தது. கத்தினோம், சிரித்தோம். பனிமூட்டத்துக்குள் வெள்ளைச் சீருடைகள் மறைந்து மறைந்து தெரிந்தன. எனக்குக் கால் தரையில் பட்ட நினைவே இல்லை.

வளைவில் இருந்த தேநீர்க் கடைக்காரர் எங்கள் சிரிப்பைக் கவனிக்கவில்லை, ஓட்டத்தைத்தான் கண்டார். படபடவென்று கடைப் பலகைகளை அடைத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடை, பிறகு அதற்கும் கீழே. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்ற செய்தி கடைத்தெருவுக்கும் எங்கள் வீட்டுக்கும் போய்விட்டது. நாங்களோ வகுப்பில் உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, துடிப்பு குறைவதற்காகக் காத்திருந்தோம். "கெதியா, உடனேயே குறைஞ்சா நல்ல உடம்பு" என்று சொல்லியிருந்தார் ரீச்சர்.

அப்போதுதான் அம்மா வந்தாள். காலில் செருப்பில்லை, தலை அவிழ்ந்திருந்தது. ஊரே வீட்டுக்குள் ஓடியபோது அவள் மட்டும் வெளியே ஓடி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ரீச்சர் பதறிப்போய்க் கதிரையில் உட்காரவைத்தார். "ஒண்டுமில்லை அம்மா, பிள்ளையள் பாடத்துக்காகத்தான் ஓடினவை." தோழி தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். ஆனாலும் மனதுக்குள் எனக்கு ஒரு நப்பாசை. வாசலைத் தாண்டாத அம்மா இத்தனை தூரம் வந்துவிட்டாளே, இனிப் பயம் தெளிந்துவிடாதா?

"பாத்தீங்களாம்மா, ஒண்ணுமே நடக்கல" என்றேன்.

கடையை அடைத்துவிட்டதால் அப்பாவும் மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். அம்மா தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"புள்ளைங்க சிரிச்சுக்கிட்டுத்தாங்க ஓடியிருக்கு. அதுக்கே ஊரு கதவப் பூட்டிருச்சு. புள்ள ஓடினா வெளையாடுதுன்னு நெனைக்கிற ஊருக்குப் போயிருவோங்க."

அப்பா வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் வகுப்பைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் துடிப்பு எப்போதோ குறைந்துவிட்டிருந்தது. அம்மாவின் நாடி மட்டும் அந்தச் 'சரி'க்குப் பிறகுதான் என் விரலடியில் மெல்ல மெல்ல இறங்கியது. நான் கையை எடுக்காமல், அழுதுகொண்டே எண்ணினேன்.