நம்மளைக் காப்பாத்து

அலுமினிய ஏணி செய்து விற்கும் அந்தம்மாவைத் தெருவே ‘ஏணியக்கா’ என்றுதான் கூப்பிடும். வாய் கொஞ்சம் நீளம். பட்டறையில் ஒரு ரிவெட் ஆணி கோணலாக இறங்கினால் அவள் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் வாங்க வருகிறவர்களிடம் ஒருநாளும் ‘எங்க ஏணி’ என்று சொன்னதில்லை, ‘நம்ம ஏணி’தான். வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அது சின்ன வயதில் உளறிய ஓர் உளறலில் வந்தது.

அவர்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார்கள். “கடவுளே, எங்களைக் காப்பாத்து” என்று அப்பா முடிப்பார். ஒருநாள் சொல்லும் முறை இவளுக்கு வந்தது. அரைத் தூக்கத்தில், “கடவுளே, நம்மளைக் காப்பாத்து” என்றுவிட்டாள்.

அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அடியே, கடவுளையும் சேர்த்தா காப்பாத்தணும்?”

“விடுங்க, சொல்லட்டும்,” என்றாள் அம்மா. “எங்களைன்னா மத்தவங்க வெளியே நிக்கிறாங்க. இவ சொன்னதுல யாரும் வெளியே இல்லை.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் ‘நம்மளை’தான். அப்படிப்பட்ட அப்பா அம்மா வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்கா இன்றும் வாய் ஓயாமல் சொல்வாள்.

பட்டறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம். விற்பனையைக் கவனித்த தம்பி, நாயாய் அலைந்து ஒரு பெரிய கடைக்காரரைப் பிடித்துவிட்டான். வருஷம் முழுக்க ஏணி எடுக்கிறேன் என்றார் அவர். மறுநாள் ஒப்பந்தம் போடுவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து, கழுவிவிட்ட தரையில் ஏணி போட்டு மின்விசிறியைத் துடைக்க ஏறினாள் அக்கா. ஏணி சரக்கென்று நழுவியது. ஜன்னல் கம்பி கைக்குச் சிக்கியிருக்காவிட்டால் இடுப்பு போயிருக்கும்.

இறங்கி ஏணியின் காலைத் தடவிப் பார்த்தாள். காலில் மாட்டும் ரப்பரைப் புதிதாக ஓரிடத்தில் வாங்கியிருந்தார்கள்; ஈரம் பட்டதும் வழவழவென்றிருந்தது. அதே ரப்பரோடு எத்தனையோ ஏணிகள் கடைகளுக்குப் போய்விட்டன.

“ஒண்ணு விடாம தேடிப் பிடிச்சு ரப்பரை மாத்தணும்,” என்றாள்.

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கென்ன பைத்தியமா? பெரிய கடைக்காரர் காதுக்குப் போனா அவ்வளவுதான். இனிமே செய்யறதுல மாத்திக்கலாம். முதல்ல நம்ம பொழப்பைப் பாருக்கா.”

“நம்மன்னா யார் யாருடா?”

“நீ, நான், இங்க வேலை செய்யறவங்க. வேற யாரு?”

“ஏணி மேல நிக்கிறவங்க?”

தம்பிக்குப் புரிந்துவிட்டது. அவனும் அதே அம்மா பெற்ற பிள்ளைதானே. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. “எல்லாரையும் தெருவுல நிறுத்தப்போற,” என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தான்.

அக்கா பெரிய கடைக்காரருக்குத் தானே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். “சொன்னதுக்குச் சந்தோஷம்மா. ஆர்டர் வேண்டாம்,” என்று பட்டென்று வைத்துவிட்டார். அது போனது போனதுதான். பட்டறை இன்றைக்கும் சின்னக் கடைகளை நம்பித்தான் ஓடுகிறது.

அக்காவும் தம்பியும் கடை கடையாக விசாரித்து, வாங்கியவர்களைத் தேடிப் போனார்கள். ஒரு பெயிண்டர், மழை விட்ட கையோடு ஒரு மாடி வீட்டின் வெளிச்சுவரில் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நின்றது ஏணியின் உச்சிப் படியில். கத்தினால் பதறிவிடுவார். தம்பி ஒரே ஓட்டமாக ஓடி, ஏணியின் காலுக்குத் தன் காலை முட்டுக்கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“யாருப்பா நீ? என் ஏணியை எதுக்குக் கட்டிப்பிடிக்கிற?”

“மெதுவா இறங்கி வாங்கண்ணே, சொல்றேன்.”

அவர் இறங்கியதும் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு எங்கள்மேல்தான் என்றாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள். அவரோ ஏணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ என் காலு நல்லாத்தான் இருக்காம்மா?”

“என்னண்ணே?”

“ரெண்டு தடவை நழுவுச்சு. வயசாயிடுச்சு, காலு நடுங்குதுன்னு நெனச்சேன். இந்த வீட்டோட வேலையை விட்டுடறேன்னு சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.” அவருக்கு முகமெல்லாம் பல். “ரொம்ப நன்றிம்மா. நல்லா இருப்பீங்க.”

அக்கா அழுதேவிட்டாள். தம்பி சேற்றில் மண்டிபோட்டு, பழைய ரப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினான்.

“இப்போ ஏறுங்கண்ணே. யாரும் பிடிக்கவே வேண்டாம்.”

அவர் ஏறினார். பிடிக்க வேண்டாம் என்று சொன்ன தம்பி, அவர் வேலை முடிந்து இறங்கும்வரை அங்கேயே நின்றான்.