நாலாவது சென்சார்

பழைய கார் விற்கிற புரோக்கர் எவரும் இதுவரை மீன் ஏற்றிய வண்டி என்று சொல்லி ஒன்றைக்கூட விற்றதில்லை. எல்லாமே டாக்டர் ஓட்டிய வண்டிதான். கார் எலெக்ட்ரீஷியனாக இருக்கிற உங்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவில் டெஸ்டரோடு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற ஆட்கள் நாம். கீரமங்கலத்தில் என் கடைக்கு ஒரே கார் திரும்பத் திரும்ப வந்த கதை இது. உங்கள் கடைக்கும் இப்படி ஒன்று வந்திருக்கும்.

சந்தனம்

தேன்மொழி வந்தபோது கார் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணவர் சரவணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. புரோக்கரிடம் போனிலேயே பேரம் பேசி முடித்திருந்தார். ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பார்க்கிங் சென்சார் ஓயாமல் கத்துகிறது. மற்றவர்கள் என்றால் சத்தத்தை நிறுத்தச் சொல்வார்கள். இந்தப் பெண் அதைச் சரியாகக் கத்த வைக்கச் சொன்னார். மூன்று வயது மகள் மகிழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஹாரன் அடித்தாலும் நகராது. முந்தின நாள், எப்போதும் கத்துவதுதானே என்று வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, பம்பருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்.

குனிந்து பார்த்தேன். வாங்கிய கையோடு கோயிலில் பூஜை போட்டிருக்கிறார்கள். பொட்டு வைக்கத் தோதாகப் பம்பரில் நாலு வட்டம் இருந்தால் யார்தான் விடுவார்கள்? நாலு சென்சார் மேலும் சந்தனம், குங்குமம், காய்ந்து இறுகிக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் கத்தல் நின்றது. மஞ்சளாகிப்போன அந்தத் துணியைப் பார்த்தபடி தேன்மொழி சொன்னார்: "பாதுகாப்பா இருக்கணும்னு நான்தாண்ணே நாலுலயும் அழுத்தி வச்சேன்."

டாக்டர் வண்டி

ஒரு மழை பெய்தது, கத்தல் திரும்பி வந்துவிட்டது. டிக்கியில் விரித்திருந்த மேட்டைத் தூக்கினேன். மீன் வாடை குப்பென்று அடித்தது. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பெட்டி சுமந்த வண்டியாக இருக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒயர்கள் சேருகிற கப்ளர் பச்சை பூத்துப் போயிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது சரவணன் வீடியோ காலில் வந்தார். நல்ல மனுஷர்தான். பெண்டாட்டி கடைக்கு நடையாய் நடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அந்தச் சனியன் ஒயரைப் புடுங்கி விட்டுருங்க. நான் ஊருக்கு வந்தா கண்ணாடியப் பாத்தே எடுத்துருவேன்" என்றார். தேன்மொழி போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க வேலையப் பாருங்கண்ணே."

விரல் வைத்துப் பார்த்தது

கத்தல் ஓய்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆட்கள் நம் தொழிலில் நிறைய. கத்துகிற சென்சாரைவிட, சும்மா இருக்கிற சென்சார் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். நல்லபடியாக இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் விரல் வைக்க வேண்டும். உயிரோடு இருந்தால் டிக் டிக்கென்று லேசாகத் துடிக்கும்.

மறுநாள் அதற்காக வரச் சொன்னேன். மகிழினியும் கூட வந்திருந்தது. நான் விரல் வைப்பதைப் பார்த்துவிட்டு அதுவும் வைத்தது. துடிப்பு தட்டியதும் முகமெல்லாம் சிரிப்பு. அடுத்ததிலும் சிரிப்பு, அதற்கடுத்ததிலும் சிரிப்பு. வலது ஓரத்தில் இருந்த நாலாவதில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டே இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தது. நானும் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பம்பரைக் கழற்றினால் அதற்கு ஒயரே கிடையாது. வெறும் மூடி. ஓட்டையில் பசை போட்டு ஒட்டி, கார் கலரிலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். குழந்தை அன்றைக்கு உட்கார்ந்திருந்தது அந்த ஓரத்தில்தான் என்று தேன்மொழி சொன்னதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புரோக்கருக்குப் போன் போட்டேன். அவர் அசரவே இல்லை: "பாக்குறதுக்கு நாலும் ஒண்ணு போலத்தான இருக்கு, அப்பறம் என்னங்க?"

வாளி

புதுக்கோட்டையிலிருந்து புது சென்சார் வரவழைத்து மாட்டினேன். பிளாஸ்டிக் வாளியைப் பின்னால் வைத்துக் காட்டினேன், வலது ஓரமும் கத்தியது. அதோடு அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. "நாலும் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பம்பரை ஒட்டித் தரையில புள்ள ஒக்காந்திருந்தா இதுக்குத் தெரியாமப் போயிரும். இத நம்பி எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். செய்த வேலையை நானே குறை சொல்வது கூச்சமாகத்தான் இருந்தது.

தேன்மொழி திடுக்கிடவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அன்னையிலேருந்து நான் வண்டியச் சுத்தி வந்து பாத்துட்டுத்தாண்ணே ஏறுறேன். அடுத்த மாசம் அவரு லீவுல வாராரு. பாட்டைப் போட்டுக்கிட்டுத்தான் வண்டிய எடுப்பாரு, அவருக்காகத்தான் இது."

சென்சாரைக் கத்த வைக்கிற வரைக்கும்தான் நம் வேலை; அதைக் கேட்கிற காது ஸ்பேராக எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.