ஒன்றும் சேர்க்காத குழி

1. ஐஸ்பெட்டி

தொண்ணூறுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் கையில் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சிக் கருவி ஒரு தெர்மகோல் பெட்டி. காஞ்சிபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய், பெற்றவளிடம் சம்மதம் கேட்டு, குப்பைக்குப் போகவிருந்த தொப்புள்கொடியை வாங்கி ஐஸில் வைத்து, வாலாஜாபாத் சாலையில் இருந்த எங்கள் லேபுக்கு டவுன் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். பெயர் லேப் டெக்னீஷியன். பார்ப்பவர்களுக்குக் குச்சி ஐஸ்காரன்.

"கொழந்த அழுவுது, ஒரு ஐஸ் குடுப்பா" என்றாள் பஸ்ஸில் ஒரு அம்மாள்.

"இது விக்கிறது இல்லம்மா."

"அப்ப எதுக்கு தூக்கிக்கினு வர்ற?"

அந்தக் கேள்விக்கு ஓய்வு பெறும்வரை எனக்கு முழுசாகப் பதில் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தொப்புள்கொடியில் ஓடும் ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒற்றை வரிசையாகச் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அலசி எடுத்து, பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் வளர்ப்போம். மாற்று சிறுநீரகம் பொருத்தினால், வாங்கியவரின் வெள்ளணுக்கள் முதலில் பாய்வது இந்த மாதிரிச் செல்கள் மேல்தான். அதை எப்படித் தடுப்பது என்பதுதான் லேபை நடத்திய டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. நான் செய்த ஆராய்ச்சி, கேண்டீனில் எந்த நாளில் வடை சூடாக இருக்கும் என்பது.

2. வரிசையில் முதல் ஆள்

சில வருடங்கள் போன பிறகு டாக்டரம்மா ஒரு புது விஷயத்தில் இறங்கினார். அதே கொடியில் குழாயைச் சுற்றிக் கொழகொழவென்று இருக்கும் பகுதியில் ஸ்டெம் செல்கள் உண்டு. அவை தம்மைச் சுற்றியுள்ள நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை உதிர்க்கின்றன. அவர் 'வெசிக்கிள்' என்பார். நான் பொட்டலம் என்பேன். அந்தப் பொட்டலங்களைச் சுழற்றிப் பிரித்து ரத்தக்குழாய்ச் செல்கள் மேல் விட்டால், வெள்ளணுக்களின் தாக்குதல் தணிகிறதா என்று பார்த்தோம். இரண்டு குழியிலும் வெள்ளணு விடுவோம். இடப்பக்கக் குழியில் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கமாட்டோம். அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, கண்ட்ரோல். வலப்பக்கத்தில் பொட்டலம்.

தாக்குவதற்கு வெள்ளணு வேண்டுமே. அதற்கு ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர் ஏகாம்பரம். கூலிக்குப் பட்டு நெய்கிறவர். அக்கா தேவகி கொடுத்த சிறுநீரகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் ரத்தம் கொடுப்பார். அதிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து திரவ நைட்ரஜனில் உறையவைப்பேன்.

"சார், தறியில ஒரு நூல் அறுந்தாலே முதலாளி கூலியில புடிப்பாரு. நீ இவ்ளோ ரத்தம் புடிக்கிற, ஒரு டீ கூட வாங்கித் தர்றதில்ல."

"உனக்கு உப்பு, தண்ணி எல்லாம் அளவுப்பா. உன் பங்கு டீயையும் சேத்து நானே குடிச்சிடறேன்."

இப்படியேதான் பேசிக்கொள்வோம். ஒருநாள் அவர் சிரிக்காமல் வந்தார். சிறுநீரகத்தை உடம்பு தாக்க ஆரம்பித்துவிட்டது. மருந்தை மாற்றியும் அடங்கவில்லை. எங்கள் தட்டைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தத் தண்ணிய எனக்குப் போடு சார்."

"அது இன்னும் எலிக்கே போடலப்பா."

"எலிக்கு முன்னால நான் நிக்கிறேன். கோயில்லதான் எனக்கு சிறப்பு தரிசனம் கெடச்சதில்ல, இங்கயாவது உடு."

டாக்டரம்மா அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். தட்டில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று தெரியாது, கெடுதலும் செய்யலாம், கொடுக்க முடியாது. ஏகாம்பரம் தலையாட்டினார். போகும்போது என்னிடம், "எங்க அக்காவுக்கு மட்டும் இப்ப சொல்லாத சார். அவ குடுத்ததப்பா அது" என்றார்.

சிறுநீரகம் போனது. திரும்ப டயாலிசிஸ். பிறகு நெஞ்சில் சளி கட்டி, கருடசேவைக்கு ஊரே தெருவில் நின்ற வாரத்தில் ஏகாம்பரம் போய்ச்சேர்ந்தார். கூட்டத்துக்காக பஸ்ஸைச் சுற்றிவிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

3. தேவகி கேட்டது

காரியமெல்லாம் முடிந்து தேவகி லேபுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அவன் உடம்பு என்னுத வேணாம்னு சொல்லிடிச்சாமே. பெரிய ஆஸ்பத்திரியில 'நிராகரிச்சிடிச்சி'ன்னாங்க."

"அது டாக்டருங்க பேச்சும்மா."

"இல்ல சார். காரணம் எனக்குத் தெரியும்." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஆப்ரேஷன் முடிஞ்சி தேறினதும் எனக்காக ஒரு பொடவ நெய்தான். கூலி வேல போக மிச்ச நேரத்துல. அரக்கு உடம்பு, மாம்பழ பார்டர். ஆயுசு பூரா ஊருக்கு நெய்தவன், ஊட்டுக்குன்னு நெய்தது அது ஒண்ணுதான். கொண்டாந்து குடுத்தான். 'கிட்னிக்குக் கூலி குடுக்கிறியாடா'ன்னு திருப்பி அனுப்பிட்டேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. அவன் குடுத்தத நான் வேணாம்னேன். நான் குடுத்தத அவன் உடம்பு வேணாம்னுடிச்சி."

நான் விளக்க ஆரம்பித்தேன். திசுப் பொருத்தம், எதிர்ப்புசக்தி என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இறக்கினேன். கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சொல்லும் ஏறவில்லை. டாக்டரம்மாவும் வந்து சொன்னார். அவருக்கும் அதே தலையாட்டல்தான்.

அன்று தட்டு ஒன்று இன்குபேட்டரில் இருந்தது. அதில் விட்டிருந்தது ஏகாம்பரத்தின் வெள்ளணுக்கள்தான். நைட்ரஜனில் இருந்ததை எடுத்து உயிர்ப்பித்திருந்தோம். டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே சரி என்றார். தேவகியை ஸ்டூலில் உட்காரவைத்து, இடப்பக்கக் குழியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன்.

"ஒரு கண்ண மூடிக்காதீங்க, ரெண்டுலயும் பாருங்க. கிழிஞ்ச பாய் மாதிரி தெரியுதா?"

"தெரியுது. மேல சின்ன சின்ன உருண்ட."

"பாய் மாதிரி இருக்கறது யாரோ ஒரு கொழந்தையோட கொடியில எடுத்த செல்லு. அந்தக் கொழந்த பேரு கூட எனக்குத் தெரியாது. உருண்டைங்க ஏகாம்பரத்தோட ரத்தத்துல இருந்து வந்தது."

"இதா அவன்?"

"அவரோடதுதான்."

"உசுரோட இருக்குதா?"

"இன்னிக்கு இருக்குது."

தேவகி கண்ணை எடுக்கவேயில்லை. நான் மெதுவாகச் சொன்னேன்: "இந்தக் குழியில அக்கா இல்ல. பொடவ இல்ல. யாரும் யாரையும் வேணாம்னு சொல்லல. அப்பவும் எப்படிக் கிழிச்சி வச்சிருக்குது பாருங்க. அதுக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. புதுசா எதப் பார்த்தாலும் அடிக்கும், அவ்ளோதான்."

அவர் தோள் குலுங்கியது. அங்கே அழுதால் தட்டில் விழுமோ என்று பயந்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் அடங்கியதும், "பக்கத்துல இன்னொண்ணு இருக்குதே" என்றார்.

வலப்பக்கக் குழியையும் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். கேட்டபின் மறைக்க மனம் வரவில்லை. அங்கே செல்கள் பெரும்பாலும் கிழியாமல், நெருக்கமாகப் படுத்திருந்தன.

"இது ஏன் நல்லா இருக்குது?"

சொன்னேன்.

இன்னும் எலிக்கே போடவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

"இதத்தான் அவன் கேட்டானா?"

"ஆமாம்மா."

தேவகி ஸ்டூலைப் பிடித்து எழுந்தார். "பொடவ அவன் பொண்டாட்டிகிட்டதான் இருக்குது. இப்பப் போய்க் கேட்டா தப்பா நெனப்பாளா?" என்றார்.

"நெனக்கமாட்டாங்க. போய்க் கேளுங்க."

4. செவிலிமேட்டு ஸ்டாப்

சில மாதம் கழித்து, ஐஸ்பெட்டியோடு செவிலிமேட்டில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் தேவகி. கல்யாணமில்லை, கோயிலில் விசேஷமில்லை, சாதாரண வேலைநாள். மடியில் கத்திரிக்காய்ப் பை. உடம்பில் அரக்குப் பட்டு, மாம்பழ பார்டர்.

நகர்ந்து இடம் கொடுத்தார். பெட்டியைப் பார்த்தார். "இன்னும் எலிக்குப் போடலியா சார்?"

"போட்டிருக்கோம்மா. பாத்துக்கினு இருக்கோம்."

"சீக்கிரம் பாருங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் எப்போதாவது லேபுக்குப் போகிறேன். இப்போது அங்கே வரும் பிள்ளைகள் எல்லோருமே வலப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அங்கேதான் ஆராய்ச்சிப் பேப்பர் இருக்கிறது, பேர் இருக்கிறது. நானும் அப்படித்தான் பார்த்தேன். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒன்றும் சேர்க்காத குழியையும் அதே கவனத்தோடு பாருங்கள், அவசரமாகக் கழுவிக் கொட்டாதீர்கள். எங்கள் லேபிலிருந்து ஒரு மனுஷி கையோடு எடுத்துப்போன ஒரே ஆறுதல் அந்தக் குழியில்தான் இருந்தது. வலப்பக்கக் குழியிலிருந்து அவருக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.