முட்டைக்குள் வேலை செய்த இலை

கெலிஓயாப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் நான் லேபர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. இலை பறிப்பது, நிழலில் காயவைப்பது, அரைப்பது, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிப்பது என் வேலை.

மிச்ச வேலை ஆராய்ச்சி செய்யும் மிஸ்ஸுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். கருப்பிடித்த கோழிமுட்டையின் ஓட்டில் சின்னச் சன்னல் வெட்டி, நான் வடித்த சாற்றில் ஒரு சொட்டு விடுவார். உள்ளே சிவப்பு நூலாக ஓடும் இரத்தக் குழாய்கள், சொட்டு விழுந்த இடத்தில் வளராமல் நின்றுவிடும். புற்றுநோய்க் கட்டிக்கும் இப்படிக் குழாய் வேண்டுமாம். குழாய் நின்றால் கட்டி பட்டினி கிடக்குமாம். அதே சாற்றை ஊதாத் தண்ணீரில் விட்டால் மஞ்சளாகிவிடும். உடம்பு துருப்பிடிப்பதைத் தடுக்கும் குணம் என்றார்.

இதை நான் அக்கா வீட்டில் சொன்னேன். அதுதான் பிழை.

அக்காவுக்கு மார்பில் கட்டி. வெட்டி எடுக்க வியாழக்கிழமை கண்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் இருப்பது வத்தேகம பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்கீழ் வரிசை வீடுகளான லயத்தில். நான் சொன்ன இலையைத் தேடிப் பறித்து, கஞ்சி காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினாள். பிறகு லயமே குடித்தது. ஒருத்திக்கு மூட்டுவலி. ஒருத்திக்குப் புருஷனின் குடி. எல்லாவற்றுக்கும் லேப் இலை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் 'சார்' என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா சொன்னாள்: "கத்தி வேணாம் தம்பி. இலையே போதும்."

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"முட்டையில நிண்டது உண்மை அண்ணை. மனுசரில இன்னும் ஒருத்தரும் பார்க்கேல்லை. ஒப்பரேசனுக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கோ. கஞ்சியையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. காயம் ஆறவும் புதுக் குழாய் வளரவேணும்."

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சொன்னேன். அடுப்பில் கஞ்சி கொதித்தது.

"பாத்தியா! காயத்தையே ஆற விடாத இலை, கட்டிய விட்டுவைக்குமா?"

"முட்டைக்குள்ள இருந்த குஞ்சு என்னா ஆச்சுன்னு கேட்டியா?"

"என்னா ஆச்சு?"

"சாறு கூடின முட்டையெல்லாம் செத்துருச்சு. நான்தான் அள்ளிக் கொட்டுனேன்."

"ஒண்ணுகூடப் பொழைக்கலியா?"

"இல்ல."

அக்கா அடுப்பைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடா?"

சொல்லியிருக்க வேண்டும். சார் என்று கூப்பிட்டதில் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

வியாழன் விடியக் கண்டிக்குப் போனோம். வெட்டினார்கள். கட்டி போனது. காயமும் ஆறியது. மருந்து ஏற்ற இன்னும் போய் வருகிறாள்.

பார்க்க வந்த லயத்துப் பெண்களிடம் அக்கா சொன்னாள்: "மொதல்ல இலை குடிச்சதுனாலதான் வெட்ட லேசா இருந்திருக்கு."

இந்தத் தடவை வாயைத் திறந்தேன். "பொய். கட்டிய எடுத்தது கத்தி. இலையில்ல."

ஒருத்தி மற்றவளின் காதுக்குள் சொன்னாள்: "வெளிய சொல்லக் கூடாதுன்னு லேப்புல சொல்லியிருப்பாங்க."