தம்பியின் துப்பாக்கியை ஒப்படைத்தவள்

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்ததும் அவள்தான். ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்ததுதான் மிச்சம். வழிப்பறி, அடிதடி, மறுபடி வழிப்பறி. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் இனி ஒழுங்காக இருப்பதாகச் சொல்வான். அவளும் கேட்டுக்கொண்டு சாப்பாடு போடுவாள்.

அந்த வருஷம் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஜெயில். தாங்களாகவே கொண்டுவந்து ஒப்படைத்தால் கேள்வி கிடையாது. கடை முதலாளி பேப்பரைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ரவுடிப் பசங்க வரிசையில நின்னு குடுப்பாங்களாக்கும்! லைசென்ஸ் வாங்கிட்டா திருடப் போறான்?"

அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுப் பரணில் ஏறித் தேடினாள். பழைய மெத்தைக்குள் கைவிட்டதும் தம்பி ஒளித்துவைத்திருந்த துப்பாக்கி தட்டுப்பட்டது. துணிப்பையில் சுற்றி எடுத்துப் போய் ஸ்டேஷனில் கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

தம்பி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான்.

"எங்கக்கா அது?"

"ஸ்டேஷன்ல குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"உனக்காக ஜெயிலுக்கு வெளிய நின்னது போதும். உனக்காக உள்ளயும் போக என்னால முடியாதுடா."

கதவை அறைந்துவிட்டுப் போனான். வேறு துப்பாக்கிக்கு அவன் அலைந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்கிறவர்கள் சட்டத்துக்குப் பயந்து பதுங்கிவிட்டார்கள். கிடைத்த ஒன்றும் யானை விலை. அதற்காகத் திருந்திவிடவா போகிறான்? ஒரு கத்தியோடு மருந்துக்கடைக்குள் புகுந்தான். கடைக்காரர் கல்லாவை விடாமல் பிடித்துக்கொள்ள, வயிற்றில் குத்திவிட்டு ஓடினான். தெருவில் இருந்தவர்களே மடக்கிப் பிடித்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போக வேண்டும் என்று கட்டாயமில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. கடைக்காரரின் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நான் குத்துனவனோட அக்காம்மா."

அந்த அம்மாள் திட்டவில்லை. திட்டவும் தெம்பில்லை போலும்.

"பொழச்சுட்டார். துப்பாக்கியா இருந்திருந்தா இங்க கொண்டுவந்திருக்கவே முடியாதுன்னு டாக்டர் சொன்னார்."

தான் கொடுத்துவிட்டு வந்ததைச் சொல்ல வாய் வரை வந்தது. உள்ளே ஒருவர் தையல் போட்டுக் கிடக்கும்போது அதைச் சொல்லி என்ன பெருமை?

"அவன் திரும்ப வெளிய வருவானா?" என்றார் அந்த அம்மாள்.

"வருவாம்மா. எப்பவும் வந்துடுவான்."

"அப்ப என்ன பண்ணுவே?"

"தெரியலம்மா."

அந்த அம்மாள் சற்று நகர்ந்து இடம் விட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தம்பிக்கு இந்த முறை நீண்ட தண்டனை. கோர்ட்டில் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் மாதம் அவனைப் பார்க்கப் போகவில்லை. அடுத்த மாதம் ஒரு சோப்பும் துண்டும் வாங்கிக்கொண்டு போனாள்.